ஒன்றும் நடக்காத தேதி

அடுத்த வருட தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்ப்பது என் வேலை. தாளின் அடியில் தலைவர்கள் பிறந்தது, இறந்தது, போர் முடிந்தது எல்லாம் வரும்.

இன்று ஒரு தேதிக்கு மட்டும் எதுவும் சிக்கவில்லை.

டைப் செய்யும் ஏழாயிரம்பண்ணை மாரீஸ்வரி சொன்னாள்: "அன்னைக்குத்தான் சார் எங்க ஊர்ல பட்டாசு கம்பெனி வெடிச்சுச்சு. எங்க மதினி அதுலதான் போனாக."

முதலாளியிடம் கேட்டேன்.

"வீட்டுச் சுவத்துல மாட்டுறதுல சாவைப் போட்டா ஆர்டர் வருமா?"

"தலைவர்க செத்த நாளைப் போடுறோமே அண்ணாச்சி?" என்றாள் மாரீஸ்வரி.

"அது வேறம்மா. பொன்மொழி ஏதாச்சும் போட்டு நிரப்புங்க."

பொறுமையைப் பற்றி ஒன்று போட்டோம். டைப் செய்ததும் மாரீஸ்வரிதான்.

உங்கள் வீட்டுக் காலண்டரில் வெறும் பொன்மொழியோடு ஒரு தாள் வந்தால், அன்று உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள்.