‘கொ’ ஓரெழுத்தா, இரண்டா?

காலை ஆறேகாலுக்குச் சென்ட்ரலில் இறங்கினேன். கோவையிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். மயிலாப்பூருக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ படிந்தது. சிந்தாதிரிப்பேட்டை நெரிசலில் வண்டி நின்றதும் ஓட்டுநர் திரும்பினார்.

“இன்னா வேலையா வந்துகீற சார்?”

சொன்னேன். பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகங்களுக்குப் பொதுவான தரம் ஒன்றை வகுக்கிறோம். எந்த நிறுவனத்தின் புத்தகமும் எந்தக் கருவியிலும் ஓட வேண்டும். வரைவு அழகாக இருந்தால் மட்டும் தரத்தை முடிவு செய்யும் குழு ஒப்புக்கொள்ளாது. அதைப் படித்து இருவர் தனித்தனியே கணினி நிரல் எழுத வேண்டும். ஒருவருடையதில் செய்த புத்தகம் மற்றவருடையதில் ஓட வேண்டும். வரைவு எழுதிய நான் ஒரு நிரல் செய்திருந்தேன். மயிலாப்பூர் வசந்தி இன்னொன்று.

“ரெண்டு பேரும் முன்னாடியே பேசிக்கினா காப்பியடிச்ச மாதிரி ஆயிடும். கரீட்டா?”

“ரொம்ப கரெக்ட்.”

எட்டு மணிக்கு வடக்கு மாட வீதியில் வசந்தியை முதன்முறையாகப் பார்த்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் ராகவன் சார் காபியோடு காத்திருந்தார். பார்வையற்றவர், பாட்டு வாத்தியார்; எங்கள் நிரல்களைக் கேட்டுச் சோதிக்க வந்திருந்தார். தோள்பையில் இரண்டு கருவிகள்.

“ஒண்ணுல இருக்கற புஸ்தகம் இன்னொண்ணுல பேசாது. ரெண்டையும் சுமந்துண்டு அலையறேன். இன்னிக்காவது ஒண்ணைக் கழட்டி விடுவேளா?” என்றார்.

என் நிரலில் செய்த புத்தகம் வசந்தியின் நிரலில் கணீரென்று பேசியது. எனக்கு வாயெல்லாம் பல். அடுத்து, என் நிரலில் பாதி கேட்டு நிறுத்திய இடத்திலிருந்து வசந்தியின் நிரலில் தொடர வேண்டும். தொடரவில்லை. பல பக்கங்கள் பின்னால் போய் ஆரம்பித்தது.

“இதை அப்பவே கேட்டாச்சே!” என்று ராகவன் சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு நந்தனத்தில் குழுவின் கூட்டம். தவறவிட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

இருவரும் நிரல்களை அருகருகே வைத்துப் பார்த்தோம். நிறுத்திய இடத்தை எழுத்து எண்ணிக்கையால் குறிக்க வேண்டும் என்பது வரைவு.

“‘கொ’வை எத்தனை எழுத்துன்னு எண்ணறேள்?” என்று வசந்தி கேட்டார்.

“ஒண்ணு.”

“நான் ரெண்டு. கணினிக்குள்ள ‘க’ தனி, கொம்பும் காலும் சேர்ந்த குறி தனியாச்சே.”

அதனால்தான் என் எண் அவர் நிரலில் முன்னாலேயே முடிந்துவிட்டது. இரண்டு பேர் கணக்கும் சரிதான். இரண்டுக்கும் இடம் கொடுத்த வாக்கியம்தான் தப்பு. ‘உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் ஓரெழுத்தாகவே எண்ணப்படும்’ என்று வரைவில் சேர்த்தோம். வசந்தி அதன்படி நிரலைத் திருத்தி முடிப்பதற்குள் இட்லி ஆறிப்போயிருந்தது.

நந்தனம் கூட்டத்தில் தலைவர் அம்மா திருத்தத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னிக்குக் காலைல சேத்த வரியா?”

“ஆமாம் மேடம்.”

“ஓடுதா?”

ராகவன் சார் தானே என் நிரலில் ஒரு கதையைக் கேட்டார். நடுவாக்கியத்தில் நிறுத்தி, வசந்தியின் நிரலுக்கு மாறினார். அடுத்த சொல்லிலிருந்து குரல் தொடர்ந்தது. அவர் மேசையைத் தட்டினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

இரவு ரயிலில் எங்கள் கோவை அலுவலகத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே வரைவு புரியாவிட்டால் நாற்காலியைத் திருப்பி என்னையே கேட்பார்கள், நான் சொல்வேன், வேலை நடந்துவிடும். அதனால் அந்த எழுத்துக் கணக்கு வரி எத்தனையோ மாதம் குறையில்லாததாகவே இருந்தது. கேட்க நான் பக்கத்தில் இல்லாத ஒருவர் வீட்டில்தான் அதற்கு உண்மையான பரீட்சை நடந்தது.