இராகுகாலத்தில் பௌதிகவியல்

இந்த வருடமும் பிள்ளைகள் சேராவிட்டால் எங்கள் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையைக் கணிதத்தோடு சேர்த்துவிடுவதாகப் பீடாதிபதி சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு எங்காவது ஒரு கதிரை கிடைக்கும். நான் தற்காலிக விரிவுரையாளர், எனக்கு வாசல்தான். அதனால் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்தை எடுத்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்னோம்.

மண்டபம் நிறைந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் மண்டபத்தை இலவசமாகத் தந்த முதலாளிதான் பிரதம விருந்தினர். குத்துவிளக்கடிக்கு வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய் இருந்துவிட்டார். பத்தரை வரைக்கும் இராகுகாலமாம். விளக்கேற்றாமல் கூட்டம் தொடங்குகிற வழக்கம் இந்த ஊரில் யாருக்கு உண்டு? கோள்கள் சுற்றுவதைக் கணக்குப் போட்டுக் காட்ட வந்த ஒரு துறை முழுவதும், இராகு போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் காத்திருப்பார்களா? எதிர்ப்பக்கத்தில் வெளிநாட்டுப் பட்டம் விற்கிறவர்கள் சாப்பிட ரோல்ஸ் கொடுக்கிறார்கள் என்று யாரோ மெசேஜ் போட, ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. ஏசிக் குளிருக்காகப் பெற்றோர் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒருவழியாக விளக்கு எரிந்தபின், பாமன்கடையிலிருந்து வந்த ஒரு அம்மா மேடைக்கு வந்து, காட்சிக்கு வைத்திருந்த தொலைநோக்கியைத் தடவிப் பார்த்தார். இதில் சனி தெரியுமா என்று கேட்டார். இரவில் தெரியும் என்றார் எங்கள் துறைத்தலைவர். உடனே அந்த அம்மா போனில் மகளின் சாதகத்தை எடுத்து நீட்டி, என்ன படிக்க வைக்கலாம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

தலைவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். செவ்வாய் தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். சாதகக் கட்டத்தை அன்றுதான் முதன்முதல் பார்த்திருப்பார். போனை உற்றுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"பிள்ளைக்கு பிசிக்ஸ்தான் அம்மா எழுதியிருக்கு."

நான் முழங்கையால் இடித்தேன். உமக்கு வேலை வேணுமோ வேண்டாமோ என்று மெல்லக் கேட்டார். முழங்கையை எடுத்துக்கொண்டேன். அதற்குள் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. அன்று வந்த ஒரு சாதகத்திலும் எஞ்சினியரிங் இல்லை. ஒருவருடைய மகனுக்கு அட்டமத்துச் சனியாம். நான்கு வருடம் பௌதிகம் படிப்பதுதான் அதற்குப் பரிகாரம் என்று மனுசன் கூசாமல் சொன்னார்.

முதல் வகுப்பில் இருக்க இடமில்லை, நான் சுவரோரம் நின்றேன். துறையும் தப்பியது, என் வேலையும் தப்பியது. தலைவர் சோதிடத்தை விட்டுப் பழையபடி பேராசிரியராகிவிட்டார். கோள்களின் பாதையைப் பலகையில் வரைந்து காட்டியவர், வியாழனோ சனியோ மனிதனின் வாழ்க்கையில் ஒரு துரும்பைக்கூட அசைக்காது, அதெல்லாம் மூடநம்பிக்கை என்றார்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். பாமன்கடை அம்மாவின் மகள். பதிவுக்குத் தாயோடு வந்தபோதே பார்த்திருக்கிறேன்.

"அப்ப எஞ்சினியரிங் கிடைச்சும் அத விட்டுப்போட்டு நான் ஏன் சேர் இங்க வந்தனான்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.