ஹேண்டில் சுற்றியவன்

எங்கள் வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு, பூட்டு ஒன்று. அதுவும் போதாதென்று குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. "உள்ள இருக்கிறது நானும் நாலு சட்டியும்தான், யாரு தூக்கிட்டுப் போவப்போறா?" என்று என் மனைவி கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள். போன ஞாயிறு காலை அந்தக் கம்பியைத்தான் கேட்டு வந்தாள் ஷாமினி.

இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவரின் மகள். தஞ்சோங் மாலிமில் கார், எங்கள் பேச்சில் காடி, செய்யும் தொழிற்சாலையில் வேலை. புதுக் காடிகளுக்கு நடுவிலேயே வாரம் முழுக்க நிற்பதாலோ என்னவோ, தனக்கென்று வாங்கியது ஒரு கிழட்டு இங்கிலாந்துக் காடி. கோழிமுட்டையைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தபோது எங்கள் பின்கதவைப் பார்த்திருக்கிறாள்.

"அங்கிள், அது கதவுக் கம்பி இல்ல. எஞ்சின் சுத்துற ஹேண்டில். என் காடிய அது இல்லாமதான் எனக்கு வித்துட்டாங்க. ஒரு நாளைக்குக் குடுங்க, எஞ்சின் வால்வுக்கு டப்பெட் பாக்கணும்."

கொடுத்தால் திரும்பி வருமா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதனால் கையில் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு கூடவே போனேன். காடி அப்போதுதான் தஞ்சோங் மாலிமிலிருந்து வந்து நின்றிருந்தது. பானெட்டிலிருந்து அனல் அடித்தது. வா, இப்போதே பார்த்துவிடலாம் என்றேன். மத்தியானம் வரை ஆறட்டும் என்றாள். என்னை அனுப்பிவிட்டுக் கம்பியை அமுக்கப் பார்க்கிறாளோ என்று, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹேண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுடைய அம்மா குடிக்கக் கொப்பி கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் எஞ்சின் எண்ணெய் சுட்ட வாடை. அந்த வாடையில் சவரி ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

இளவயதில் சவரிமுத்துவும் நானும் ஈப்போவுக்கு வெளியே ஒரு கல் குவாரியில் வேலை செய்தோம். அவன் லோரி எடை பார்ப்பவன். நான் ஸ்டோர் கீப்பர். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். காலையில் நாற்பது நட்டு கொடுத்தால் சாயங்காலம் பழைய நட்டு நாற்பதையும் எண்ணி வாங்க வேண்டும். முப்பத்தொன்பது வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. "இவனுக்குப் பொண்ணு கட்டி வச்சா, தாலியில எத்தனை முடிச்சுன்னு திரும்ப எண்ணுவான்" என்று என் அம்மா சொல்வார். எண்ணினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நானும் சவரியும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு காடி வாங்கினோம். ஷாமினியுடையது மாதிரியே, ஆனால் வெள்ளை. வார நாளில் இருவரும் சேர்ந்து வேலைக்குப் போவோம். சனி ஞாயிறு அவனுக்கு. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் அவன் அம்மா தனியாக இருந்தார். இங்கே வந்து இரு என்றால், பால்மரம் இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும் என்பாராம்.

சனிக்கிழமை காலை, அவன் கிளம்புவதற்கு முன், எஞ்சினைக் கையால் சுற்றி வால்வு இடைவெளி பார்ப்போம். மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே அதிகம். பார்க்கிற ஆள் நான் என்பதால் வாராவாரம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பம்பருக்குக் கீழே ஓர் ஓட்டை இருக்கும். அதில் ஹேண்டிலை நுழைத்துச் சுற்றினால் எஞ்சின் மெல்லத் திரும்பும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கனம் தெரியாது. மேல்மூடியைத் திறந்தால் எட்டு வால்வும் ஒன்று மாற்றி ஒன்று தலையாட்டும். எட்டாவது முழுக்க அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும். ஏழு அமுங்கினால் இரண்டு. எப்படிப் பார்த்தாலும் கூட்டினால் ஒன்பது. ஒரு பழைய புத்தகத்திலிருந்து கிழிந்து வந்த இரண்டு தாளை வைத்துக்கொண்டு நானே கற்றது. மூன்றாவது தாளில் என்ன இருந்ததோ.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் முன்னால் குனிந்து சுற்றுவான், அவனுக்கு எதுவும் தெரியாது. ஒருவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பான், "நில்லு" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகச் சவரி குனிந்தபடியே காத்திருப்பான். "முட்டி தேயுறது எனக்கு, மெக்கானிக்னு பேரு ஒனக்கா மச்சான்?" என்பான். இடைவெளியில் மெல்லிய தகடு ஒன்றை விட்டு இழுத்துப் பார்ப்பேன். லேசாகப் பிடித்து நழுவினால் சரி.

ஒரு ஞாயிறு சாயங்காலம் காடியை விட்டுவிட்டு அவன் போனதும், சும்மா இருக்க மாட்டாமல் மூடியைத் திறந்தேன். கை சுட்டது, துணி வைத்துப் பிடித்தேன். பம்பருக்கு ஓர் எட்டு, எஞ்சினுக்கு ஓர் எட்டு என்று நானே சுற்றி நானே பார்த்தேன். முந்தின நாள் நழுவிய தகடு இப்போது நுழையவே மறுத்தது. எட்டு வால்விலும் அப்படித்தான்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்தக் காடி இரண்டு நாளாக யார் கையில் இருந்தது?

தகடு நழுவும் அளவுக்குத் தளர்த்தி வைத்தேன். திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் செய்தால், தையல் மிஷின் மாதிரி டகடகவென்று ஒரே சத்தம். இப்போது எல்லாம் தொளதொளவென்று இருந்தன. தொடாமல் ஒரு திருகு தானாக இறுகுமா, தானாகத் தளருமா? அப்போதுதான் ஞாபகம் வந்தது: சவரியின் அத்தை மகனிடமும் இதே காடி இருந்தது, அதுவும் சுங்கை சிப்புட்டில். எங்களுடைய நல்ல சாமான் அங்கே போய், அங்கிருந்த தேய்ந்த சாமான் இங்கே வருகிறது. ஸ்டோர் கீப்பர் மூளைக்கு இவ்வளவு போதும்.

மறு சனிக்கிழமை அவனைச் சுற்ற விடவில்லை. விடிவதற்கு முன் நானே தனியாக எட்டையும் சரிசெய்து வைத்துவிட்டு, இந்த வாரம் பார்க்க வேண்டியதில்லை என்று பொய் சொன்னேன். மூடியின் இரண்டு நட்டிலும் மனைவியின் நகச்சாயத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தேன். திறந்தால் உடையும். ஞாயிறு சாயங்காலம் பார்த்தேன், பொட்டு உடையவில்லை. உள்ளே இடைவெளி மாறியிருந்தது.

புத்தியுள்ளவன் என்ன நினைத்திருப்பான்? நான் நினைத்தது, இவனும் அதே சிவப்பை வாங்கி மறுபடி பூசியிருக்கிறான் என்று. அவனோடு இருந்த தங்கை நகத்துக்கு என்ன நிறம் போடுகிறாள் என்று என் மனைவியை விசாரிக்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இப்போதும் சில நேரம் பார்க்கிறாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவன் வந்தபோது பின்சீட்டில் அவன் அம்மா இருந்தார். எங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு வந்திருந்தார். அவர் இறங்கக்கூட இல்லை. நான் அத்தை மகனில் ஆரம்பித்து நகச்சாயம் வரை எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டேன். ஸ்டோரில் குறைந்த சாமான் கேட்பது போல.

சவரி கத்துவான் என்று நினைத்தேன். பம்பரைக் காட்டி மெதுவாகச் சொன்னான்:

"நான் இங்கதானே மச்சான் குனிஞ்சுகிட்டு கெடந்தேன். உள்ள பாத்தவன் நீதானே. எந்தத் திருகுன்னே எனக்குத் தெரியாதுலா."

திருடன் இப்படித்தான் பேசுவான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அவன் சாவியை பானெட் மேல் வைத்தான். அவன் அம்மா இறங்கி, என் மனைவியிடம் பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டார். இருவரும் வெயிலில் நடந்து போனார்கள். கிழங்குப் பை சீட்டிலேயே இருந்தது. அடியில் ஸ்பேனர் ஏதாவது இருக்குமோ என்று கையை விட்டுப் பார்த்தேன். கிழங்குதான் இருந்தது.

அந்த மாதமே அவன் குவாரியை விட்டுப் போனான். அதற்குப் பின் நான் தனியாளாகச் சுற்றினேன், சுற்றிவிட்டு ஓடி ஓடிப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் காடியை விற்றேன். வாங்கியவன் ஏதாவது சூது செய்தால் என்ன செய்வது என்று ஹேண்டிலை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஷாமினி பானெட்டைத் தொட்டுப் பார்த்து, இப்போது பார்க்கலாம் என்றாள். இத்தனை நேரம் எதற்குக் காக்க வைத்தாய் என்று கேட்டேன்.

"சூட்டுல இரும்பு விரியும் அங்கிள். சூட்டுல அளந்தா ஒன்னு காட்டும், ஆறினப்புறம் வேற காட்டும். இந்தக் காடிக்கு ஆறினப்புறம் அளக்குறதுதான் கணக்கு. யாரும் தொட வேணாம், அதுவே மாறிக்கும்."

கொப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தேன். சவரி கதை அவளுக்கு ஒன்றும் தெரியாது பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

சுற்றுங்கள் என்றாள். பம்பருக்கு முன்னால் முட்டி போட்டேன். ஹேண்டில் உள்ளே போய்க் கவ்வியது. அங்கிருந்து பார்த்தால் தெரிவது நம்பர் தகடும் கொஞ்சம் சிமெண்ட் தரையும்தான். எஞ்சின் தெரியாது, வால்வு தெரியாது, பார்ப்பவர் முகமும் தெரியாது. "நில்லுங்க" என்று மேலிருந்து குரல் வந்தது, நின்றேன். குனிந்தபடியே அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். பிறகு, "சரியா இருக்கு, அடுத்தது" என்றாள். சுற்றினேன். எட்டும் சரியாக இருந்தன. ஒரு திருகைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

ஹேண்டிலை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சுங்கை சிப்புட் போனேன். ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை நிற்கிறது. லயம் இல்லை, கோயில் இல்லை, வாசலில் மணி தொங்கும் என்று சவரி சொன்ன சின்ன மாதாகோயிலும் இல்லை. கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா நேப்பாளத்துப் பையன். யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டான். பேரைச் சொன்னேன். அவனும் மரியாதைக்காக ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். டவுன் கொப்பிக் கடையிலும் கேட்டேன். அத்தை மகன் செத்து எத்தனையோ வருஷமாம். சவரி ஜொகூர் பக்கம் போனான் என்றார் ஒருவர். இல்லை, சிலிம் ரிவர் என்றார் இன்னொருவர். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் பின்கதவில் இப்போது தாழ்ப்பாள் மட்டும். ஹேண்டில் குறுக்கே கிடந்த இடத்தில் துரு படிந்த ஒரு கோடு இருக்கிறது. மனைவி அதை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.