மூன்று நிமிடத்தில் நான்

என் குரல் எனக்குப் பிடிக்கும். ஐம்பதை நெருங்கும் ஆசிரியர் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது அழகல்லதான். ஆனால் நடந்த கூத்துக்கெல்லாம் மூலம் இதுதான் என்பதால் வேறு வழியில்லை.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியில் மாணவர் மதிப்பீட்டைத் தாளிலிருந்து திரைக்கு மாற்றினார்கள். பிள்ளைக்கு ஒரு மின்பக்கம். கட்டுரையைப் படமெடுத்து ஏற்றலாம், பேச்சைப் பதிவு செய்து ஏற்றலாம். பார்த்துக் கேட்டு, ஒன்றிலிருந்து ஆறுவரை அடைவுநிலை போடவேண்டியது என் வேலை. ‘மின் தொகுப்பேடு’ என்று நான் பெயர் சூட்டினேன். பிள்ளைகள் ‘ஃபோலியோ’ என்றார்கள். ஒரு வாரத்தில் நானும் ஃபோலியோ என்றேன்.

ஐந்தாம் ஆண்டுக்கு முதல் பேச்சுப் பயிற்சி, ‘நான் அறிந்த ஒருவர்’. மாதிரி உரை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருக்கிற ஆளா நான்? என் உரையைப் பதிவு செய்து எல்லாருடைய பக்கத்திலும் முதலாவதாக ஒட்டிவைத்தேன். அந்தச் செயலி மூன்று நிமிடத்துக்குமேல் ஏற்காது. என்னை அதற்குள் அடக்க ஒரு சனிக்கிழமை முழுதும் செலவானது.

ஒரு பதிவு எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதையும் செயலி காட்டும். பெரும்பாலான பக்கங்களில் நான் திறக்கப்படவேயில்லை. ஒரேயொரு பக்கத்தில் மட்டும் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அது வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவியின் பக்கம். வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குவாள்.

“என் தமிழக் கேட்டே ஒரு பிள்ள முன்னேறுது, டீச்சர்,” என்று பக்கத்து மேசை ஆசிரியையிடம் அளந்தேன்.

“தூக்கம் வரலன்னு போட்டுக் கேக்குதோ என்னமோ, சார்,” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

ஆனால் அவள் பக்கத்தில் என் குரல்தான் இருந்தது. அவள் குரல் இல்லை. கெடுவுக்குள் பதிவு வராவிட்டால் பேச்சுக்கு ஆகக் கீழான அடைவுநிலை, ஒன்று. ஆண்டறுதி அறிக்கையில் அந்த ஒன்று அப்படியே வீட்டுக்குப் போகும். ஜுருவில் தொழிற்சாலை வேலை முடிந்து, சீருடையோடு அவள் அம்மா என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார்.

“சுங்கை பினாங் ஃப்ளாட்ல வந்து கேளுங்க சார், மேல் வீடு கீழ் வீடு எல்லாத்துக்கும் கேக்கும் இது சத்தம். இங்க மட்டும் என்னா ஆவுதுலா இதுக்கு?”

மகள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெடுவின் கடைசி நாள். சூலியா தெருக் கடையில் சோற்றில் கை வைத்த நேரம் கைப்பேசி மணியடித்தது. அவள் பதிவு! இடது கையால் தட்டினேன். ஒலி முழு அளவில் இருந்தது.

“ம்க்கும். மாணவர்களே! அதாவது என்னவென்றால்... புரிகிறதா? புரியாவிட்டாலும் தலையை ஆட்டவும், எனக்கு ஆறுதலாக இருக்கும். யாரது சன்னலோரம்? வெளியே என்ன, உன் மதிப்பெண்ணா பறக்கிறது? என் கண்ணாடியை எவன் எடுத்தான்? ...சரி, தலையில்தான் இருக்கிறது. சிரிக்காதே. நல்ல பளக்கவளக்கம் வேண்டும்!”

கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். “என்னா சார், சாப்பிடுற நேரத்துலயும் பாடமா? ஒங்க கொரல் ஸ்பீக்கர்ல நல்லாத்தான் இருக்கு.”

“அது நான் இல்ல அண்ணே.”

“வெளாடாதீங்க சார்!”

குழம்பு காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். அழிக்கும் பொத்தான் திரையின் மூலையில் சிவப்பாக, ரொம்ப வசதியான இடத்தில் இருந்தது. அதைத் தொட்டால் என் மானம் பிழைக்கும், அவளுக்கு ஒன்று. தொடாவிட்டால் நியாயப்படி ஆறு. ஆனால் ஆறு போட்டால் சரிபார்ப்புக் கூட்டத்தில் சக ஆசிரியர்கள் முன்னால் பதிவை ஒலிக்கவிட வேண்டும்.

ஐந்து போட்டுத் தப்பிக்கலாமா என்று குறை தேடினேன். கிடைத்தது: ‘பளக்கவளக்கம்’. ழகரம் போச்சு! ஆசையோடு என் மாதிரி உரையைத் திறந்து சரிபார்த்தேன். அதிலும் ‘பளக்கவளக்கம்’தான். இத்தனை வருடம் ழகரத்துக்காகப் பிள்ளைகளின் நாக்கை மடக்கச் சொன்னவன் நான். அவள் என் பிழையைக்கூடப் பிழையில்லாமல் பிடித்திருக்கிறாள்.

ஆறு போட்டேன்.

கூட்டத்தில் மூன்று நிமிடமும் ஓடியது. தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து மேசை ஆசிரியை மட்டும் கடமை தவறாமல் கேட்டார்: “எல்லாம் சரி, ழகரம் சரியில்லையே சார்?”

“அது என்னோடது, டீச்சர்.”

ஆறு நிலைத்தது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவளை மேசைக்கு அழைத்து, கொஞ்சம் பெருந்தன்மையைக் குரலில் சேர்த்துக்கொண்டு, என்னை முழுதாகப் படம்பிடித்துவிட்டாய் என்று பாராட்டினேன். அவள் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து வாய் திறந்தாள்.

“பாதிதான் சார் போட்டேன். மூணு நிமிசத்துக்கு மேல ஏத்த விட மாட்டுதுலா.”