ஒரு கை கம்பியில், ஒரு கை பலகாரத்தில்

பஸ் பயணத்துக்குப் பலகாரம் கட்டிக் கொடுக்கிற தொழிலில் பாராட்டை எதிர்பார்க்கக் கூடாது. யாரும் குறை சொல்லவில்லை என்றால் யாரும் சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

நீங்களும் என்றைக்காவது ஒரு கோயில் பயணத்திலோ கல்யாண பஸ்ஸிலோ "தீனி விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவராக இருந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. என் பெயர் பாக்கியம், வீடு தங்கா பத்துவில். மலாக்காவில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை செய்தேன். அது மூடியதும் இதில் இறங்கினேன். பலகாரத்தைக் கட்டிக் கொடுப்பதோடு விடாமல், பஸ்ஸிலேயே போய் வரிசை வரிசையாகக் கொடுத்துவிட்டும் வருவேன். வசவை நேரில் வாங்கிக்கொள்ளும் வசதி அப்போதுதான் கிடைக்கும்.

எனக்கு நிரந்தர வாடிக்கை லூபோக் சீனா பக்கத்துக் குழு. எல்லாம் தோட்டத்தில் பிறந்து, இப்போது கடையிலும் ஃபேக்டரியிலும் வேலை பார்க்கிற குடும்பங்கள். குழுவுக்குத் தலைவி கமலா டீச்சர், தமிழ்ப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஓட்டுவது முத்து. குறை சொல்வது ராமையா அண்ணன். அவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு, எண்ணெய் எத்தனையாவது தடவை காய்ந்தது என்று கேட்கிற ரகம். அவர் மனைவி லெட்சுமி அக்கா பக்கத்து சீட்டில் இருந்தபடி, "கண்டுக்காத" என்று எனக்குக் கண்ணாலேயே ஜாடை காட்டுவார்.

ஓரம் பின்னிய கறிபாப்

கோயில் பயணத்தில் போகும்போது சைவம், வரும்போது சார்டின் மீன். இது எழுதாத சட்டம். தரிசனம் முடிந்து பஸ் கிளம்பியதும் ஜனங்களுக்கு வருகிற பசி தனிப் பசி. அதனால் விடியற்காலையிலேயே சோமாசி மாதிரி மூடிப் பொரிக்கிற கறிபாப்பை இரண்டு வகையிலும் பொரித்து எடுத்துக்கொள்வேன். உருளைக்கிழங்குக்கு ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துவேன், சார்டினுக்கு ஓரத்தைச் சடை மாதிரிப் பின்னுவேன். மூடிய கறிபாப்புக்குள் என்ன இருக்கிறது என்று அந்த ஓரம்தான் சொல்லும்.

ஒரு தரம் உதவிக்கு என் நாத்தனார் வந்தாள். பின்னுவதில் அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் பின்னித் தள்ளிவிட்டாள். பங்குனி உத்திரத்துக்கு மாரான் முருகன் கோயிலுக்குப் போகிற பஸ்! விரதம் இருக்கிற பஸ்! முதலில் கடித்தவர் ராமையா அண்ணன். மென்றார், நிறுத்தினார், உள்ளே எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் கையில் வைத்திருந்ததை அப்படியே கீழே வைத்தார்கள். டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் காலடியில் பஸ்ஸே இல்லாத மாதிரி இருந்தது. அண்ணன் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்லா. ஆனா இந்த சார்டின்ல உப்பே இல்லையே பாக்கியம், அதுக்கு யாரு பதில் சொல்றது?"

முத்துவின் சட்டம்

பலகாரத்தைத் தேர்ந்தெடுப்பது நான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை, டிரைவர்தான். முத்துவின் பஸ்ஸில் நாறுகிற டுரியான் பழம் நுழையக் கூடாது, ஊறுகாய் மாங்காய் கூடாது, சூடான சாம்பார் கூடவே கூடாது. பழைய ரோட்டில் போனால், "ஒரு கை முன் சீட்டுக் கம்பியில இருக்கட்டும்" என்று மைக்கில் அறிவிப்பார். அதனால் இரண்டு கை தேவைப்படுகிற எந்தப் பலகாரமும் அவருக்கு ஆகாது. உங்களுக்கே தெரியும், பாதிப் பலகாரம் அதிலேயே அடிபட்டுப் போய்விடும்.

தோலோடு அவித்த வேர்க்கடலையை ஒரே ஒரு தரம் கொண்டுபோனேன். கோயில் வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகு முத்துவும் நானும் சீட்டுக்கு அடியில் குனிந்து குனிந்து கூட்டினோம். பாதியில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது: "அக்கா, இந்தக் கச்சான் தோலு சம்பந்தி வீட்டு ஆளுங்க மாதிரி. ஒரு தடவ உள்ள வந்தா வருசம் பூரா போகாது."

பிரிக்காத பொட்டலம்

பஸ்ஸில் பெண்கள் பொட்டலத்தைப் பிரிக்கவே மாட்டார்கள். எல்லாரும் புன்னகையோடு வாங்குவார்கள், மடியில் வைத்துக்கொள்வார்கள், அப்படியே பைக்குள் போய்விடும். என் பலகாரம் பிடிக்கவில்லையோ என்று ரொம்ப நாள் மனசுக்குள் குமைந்தேன். கடைசியில் லெட்சுமி அக்காவிடமே கேட்டுவிட்டேன். வீட்டு கேட்டில் பேரன் நிற்பானாம், 'என்ன கொண்டாந்த' என்று கேட்பானாம். வெறுங்கையோடு இறங்கினால் அது பயணமே இல்லையாம்.

சரி, பாவம் இவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம் என்று அடுத்த பயணத்தில் ஆளுக்கு இரண்டு பொட்டலம் கட்டினேன். ஒன்று தாப்பாவ், அதாவது வீட்டுக்குக் கட்டிக் கொண்டுபோக, ஒன்று பஸ்ஸிலேயே சாப்பிட. விளக்கமாகச் சொல்லித்தான் கொடுத்தேன். லெட்சுமி அக்கா இரண்டையும் வாங்கினார். இரண்டும் பைக்குள் போயின. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "பேரன் ரெண்டு பேரும்மா எனக்கு."

டப்பாவும் கரண்டியும்

பிறகு ராமையா அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஆள் பிழைத்தார். தடி ஊன்றி நடக்கவும் ஆரம்பித்தார். ஆனால் வலது கை எழவில்லை, பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. அதற்கப்புறம் குழுவோடு அவர் வந்த முதல் பயணம் ஒரு கல்யாணத்துக்கு. வழக்கம்போல வடையும் கறிபாப்பும் கொடுத்தேன். அவர் தொடவில்லை. நாலு பேர் நடுவில் இடது கையால் சாப்பிடுவதா என்ற வெட்கம். நம்மில் யாருக்குத்தான் அந்த வெட்கம் இருக்காது? ஆனால் அவர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர். வெறும் வயிற்றோடு இருந்ததில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வியர்த்துக் கொட்டி அப்படியே சரிந்துவிட்டார். இனிப்புத் தண்ணீர் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தோம்.

பங்குனி உத்திரம் நெருங்கியது. அண்ணன் எழுந்து நடந்தால் பால்குடம் எடுப்பதாக லெட்சுமி அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். அண்ணனும் பக்கத்தில் நடந்து வர வேண்டும், அதுதான் வேண்டுதல். டீச்சர் பயந்துபோய்க் கறாராகச் சொல்லிவிட்டார்: பஸ்ஸில் சாப்பிட்டால்தான் வெயிலில் நடக்க விடுவேன், இல்லையென்றால் அண்ணன் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கட்டும். அதில் டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. சரிந்தவரைத் தாங்கிப் பிடித்தது அவர்தான்.

அண்ணனுக்கு மட்டும் தனி டப்பா, அதில் மசித்த சோறு, ஒரு கரண்டி என்று யோசனை சொன்னது நான்தான். அதை லெட்சுமி அக்காவிடம் கொடுத்து வீட்டில் காட்டச் சொன்னேன். மறுநாள் டப்பா திறக்காமலேயே திரும்பி வந்தது. வீட்டில்கூட அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறாராம். டப்பாவை என் கையில் கொடுத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "ஊட்டி விட்டா வாய மூடிக்கிறாரு. தனியா ஒண்ணு கொடுத்தா, எல்லாரும் அதத்தானே பார்ப்பாங்கன்னு கேக்கறாரு. முன்னாடி உன் பலகாரத்தத் திட்டுவாரே, அத மட்டும் ஒரு தடவ கேட்டாப் போதும்மா எனக்கு."

குச்சி

அந்த வாரம் மருமகள் பிறந்தநாளுக்கு மலாக்காவில் சாத்தே செலுப் கடைக்குப் போனோம். மேசை நடுவில் கடலைக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், குச்சியில் குத்தியதை அதில் முக்கி முக்கிச் சாப்பிட வேண்டும். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை, டப்பா ஞாபகமாகவே இருந்தது. எதிரே மருமகள் வலது கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு இடது கையால் குச்சி குச்சியாகக் காலி செய்துகொண்டிருந்தாள். என் நாத்தனார், அதே கறிபாப் நாத்தனார், சாப்பாட்டில் இடது கை பட்டால் முறைக்கிறவள். அவளும் வலது கையில் ஃபோன், இடது கையில் குச்சி! குச்சி பிடித்திருந்தால் எந்தக் கை என்று ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்ன இட்லியாக ஊற்றி, பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிரட்டி, குச்சியில் வரிசையாகக் கோத்துப் பார்த்தேன். அப்படியே ஒரு கையால் தூக்கிச் சாப்பிடலாம், சிந்தாது. முடிவு செய்தேன், அவருக்கு மட்டும் இல்லை, பஸ் முழுக்க இதுதான். டாக்டர் அண்ணனுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் எல்லாருக்குமே உப்பைக் குறைத்தேன். பயணத்துக்கு முதல் நாள் மாதிரிக்கு ஒன்றை முத்துவிடம் காட்டி விஷயத்தையும் சொன்னேன். அவர் குச்சி முனையை விரலால் தொட்டுப் பார்த்தார்: "யோசன நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா முனைய வெட்டிடுங்க. நான் ஒரு பிரேக் போட்டா பஸ் முழுக்க அலகு குத்திக்கிட்டுத்தான் இறங்கும்."

நேர் ரோட்டில் வளைவு

விடிந்து, கோலாப்பிலா தாண்டிக் கொஞ்ச நேரத்தில் குச்சி இட்லியைக் கொடுக்க ஆரம்பித்தேன். ஆனால் எல்லாரும் குச்சியை வலது கையால்தான் வாங்கினார்கள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், சாத்தே கடையில் பார்த்ததை நம்பிய நான்தான் முட்டாள். ராமையா அண்ணனுக்கும் கொடுத்தேன். இடது கையில் வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போது மைக் கரகரத்தது. "முன்னால வளைவு நிறைய இருக்கு. எல்லாரும் வலது கையால முன் சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது." நான் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் ரோடு கோடு போட்ட மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. முத்து கண்ணாடியில் என்னைப் பார்க்கவே இல்லை.

கமலா டீச்சர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ரோட்டைப் பார்த்தார், முத்துவைப் பார்த்தார், பின்னால் திரும்பி ராமையா அண்ணனைப் பார்த்தார். இடது கையால் சாப்பிட்ட பிள்ளைகளை ஒரு தலைமுறை முழுக்க அதட்டியவர் அவர். குச்சியை இடது கைக்கு மாற்றினார், வலது கையால் கம்பியைப் பிடித்தார், முதல் இட்லியை எல்லாரும் பார்க்கும்படி கடித்தார். டீச்சரே சாப்பிட்டால் அப்புறம் யாருக்கு என்ன? வரிசை வரிசையாகக் கைகள் மாறின. பொட்டலத்தைப் பிரிக்காத பெண்கள்கூட, ஒரு கையால் பைக்குள் வைக்க வழியில்லாமல் சாப்பிட்டார்கள். பஸ் முழுக்க இடது கை.

ராமையா அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பினார். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். பிறகு குச்சியைத் தூக்கி ஒன்றைக் கடித்தார். இன்னொன்றையும் கடித்தார். லெட்சுமி அக்கா அவரைப் பார்க்காத மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியத் தன் இட்லியை மென்றுகொண்டிருந்தார். நான் குச்சிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டே அவர் சீட்டுக்கு வந்தேன். வெறும் குச்சியை நீட்டினார். நான் பிடித்தும் விடவில்லை. ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்து குனிந்தேன். உதடு கோணியது, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது: "பாக்கியம்... உப்பு... பத்தல."

அன்று லெட்சுமி அக்கா பால்குடம் எடுத்தார், பக்கத்தில் அண்ணன் தடியூன்றி நடந்தார், நானோ, எனக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு போய்விடுமே என்ற பயத்தில், டாக்டரே சம்மதித்தாலும் இனி அந்த இட்லியில் உப்பைக் கூட்டுவதாக இல்லை.