சவரியம்மாளின் டர்னிப் பாத்தி

மலைநாட்டுப் பண்டாரவளைக் குளிரில் பிறந்த சவரியம்மாள், வீட்டாரின் சம்மதமில்லாமல் மீனவன் கிறகரியைக் கைப்பிடித்து மன்னார்க் கடலோரத் தாழ்வுபாட்டு மணலுக்கு வந்து ஏழு வருடமாயிற்று. அன்றிலிருந்து தாய் முகம் பார்க்கவில்லை. தாய் தேங்காய்ப்பாலில் சமைக்கும் டர்னிப் கிழங்கின் ருசியை மட்டும் நாக்கு மறக்க மறுத்தது. மாரி தொடங்கியதும் எப்படியோ விதை தேடிப்பிடித்துக் கிணற்றடியில் பாத்தி கட்டினாள்.

இலைகள் முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று எழுந்தன. கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்குச் சமைக்கலாமென்று ஆசையாய் ஒன்றைப் பிடுங்கினாள். கீழே எலிவால் போல ஒரு வேர்தான் இருந்தது. அடுத்ததும் அப்படியே. கண் கலங்க மண்ணைக் கிளறினாள். குப்பென்று மீன்குடல் நாறியது.

“என்னங்க, இங்க மீன் கழிவைப் போட்டது யாரு?”

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிறகரி பெருமையாக நிமிர்ந்தான். “நான்தான். நீ ஆசைப்பட்டு வைச்சனியெல்லே, கரையால வரேக்க ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து மண்ணுக்குள்ள தாட்டனான். தென்னைக்கு இதைத்தானே போடுறனாங்கள்!”

“உரம் மிஞ்சினா சத்தெல்லாம் இலைக்குத்தாங்க போகும். கிழங்கு எப்படிங்க வைக்கும்?” சிரிக்கப் போனவள் விம்மி அழுதாள்.

கிறகரி வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். “எடி, ஒரு கிழங்குக்கே இந்த அழுகை? நாளைக்கே மன்னார்ச் சந்தையில தேடி வாங்கியாறன்.”

அவள் தலையசைத்து மறுத்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

“அம்மாவைப் பாக்கோணுமே?”

இத்தனை காலமும் அவன் கேட்காத கேள்வி அது. சேற்றுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, “ஓம்” என்றாள்.

“அப்ப நத்தாருக்குப் போவம். கதவு திறக்காட்டி வாசலிலயே இருப்பம்.”