இரண்டாவது வளைவில் ஓர் இடைவெளி

கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்த டிசைன் ஸ்டுடியோ. அங்கே ஜானவிக்குப் போலீஸ் என்று பெயர். யாராவது ஒரு லோகோ வரைந்து காட்டினால் மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஜானவி, “இதை எங்கே பார்த்து வரைஞ்சே?” என்பாள். கரமனையிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவள். வழியெல்லாம் கடைப் பலகைகளைப் பார்த்து, இது எதிலிருந்து சுட்டது, அது எதிலிருந்து சுட்டது என்று மனதுக்குள் கேஸ் போட்டுக்கொண்டே வருவாள். அதில் அவளுக்கு அலாதியான சந்தோஷம். ஒரு தப்பும் செய்யாதவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம் அது. அதை அவள் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தாள்.

அங்கே டிசைனராக இருந்த பினு வேலையை விட்டுப் போனதும்கூட இந்தப் போலீஸ் வேலையால்தான். பாறசாலைக்காரன். மற்ற எல்லோரும் மலையாளிகளாக இருந்த அந்த ஸ்டுடியோவில் அவளோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள். ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அவன் வரைந்த லோகோ, எங்கோ வெளிநாட்டில் ஒரு சோப்புக் கம்பெனியின் லோகோவை அச்சில் வார்த்தது போல இருந்தது. ஜானவி அதைத் தேடிப்பிடித்து, திங்கட்கிழமை மீட்டிங்கில் இரண்டையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள்.

பினுவின் முகம் வெளிறிப்போயிற்று. “சத்தியமாட்டு நான் இத பாத்ததே இல்ல அக்கா. எப்படி வந்துதுன்னு எனக்கே தெரியல்ல.”

“பாக்காமயே கை தானா வரைஞ்சுடுமாடா?” என்றாள் ஜானவி. அதோடு விட்டிருக்கலாம். தமிழ் புரியாதவர்களுக்காக அதை மலையாளத்திலும் ஒருமுறை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி ஹரிகுமார் அவனைப் போகச் சொல்லவில்லை. வேலை கொடுப்பதை மட்டும் நிறுத்தினார். கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு பினு தானே போய்விட்டான். அவன் இருக்கிறானா போனானா என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை, ஜானவி உட்பட.

அடுத்த வருஷம் அவள் வாழ்க்கையின் பெரிய வேலை வந்தது. வித்துராவில் திரவியம் என்பவர் மலைத் தேயிலையைப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார். அவருக்கு ஜானவி ஒரே கோட்டில் ஒரு லோகோ வரைந்தாள். டீக் கோப்பையிலிருந்து ஆவி எழுகிறது. அந்த ஆவிதான் மூன்று வளைவுகளாகப் பொன்முடி மலைக்கு ஏறும் ரோடு. இரண்டாவது வளைவில் மட்டும் கோடு கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். கை தானாக ஓடியது என்றுதான் அவளே எல்லோரிடமும் சொன்னாள். திறப்பு விழாவில் மேடையேறி, “அந்த இடைவெளியிலதான் மஞ்சு, அதான் பனிமூட்டம், ரோட்டைக் கடந்து போறது” என்று விளக்கினாள். திரவியத்தின் கண் கலங்கிவிட்டது. அந்த லோகோவுக்கு ஒரு பரிசும் கிடைத்தது. ஹரிகுமார் அதை வாசலிலேயே மாட்டினார்.

இனி அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் டீ மேசைக்குப் பின்னால் உள்ள சுவரைச் சுடுகாடு என்பார்கள். மீட்டிங்கில் வேண்டாமென்று தள்ளப்பட்ட டிசைன்களையெல்லாம் அங்கே குத்திவைப்பது வழக்கம். தோற்றதை ஒளிக்காமல் கண் முன்னால் வைத்தால் கூச்சம் போகும் என்பது ஹரிகுமாரின் தத்துவம். ஒன்றன் மேல் ஒன்றாகக் காகிதம் ஏறிக்கொண்டே போகும். யாரும் அதைப் பார்ப்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் டீ குடிக்க நிற்பது அதற்கு எதிரேதான்.

போன மாதம் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க முடிவாயிற்று. ஜானவியும் சுமி என்ற புது டிசைனரும் காகிதங்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து அடுக்கு போன பிறகு சுமி ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, “அய்யோ சேச்சி, இது நம்ம டீ லோகோ அல்லே? முதல்ல வரைஞ்சதா?” என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டாள்.

ஜானவி தாளை வாங்கினாள். பால்பாயிண்ட் பேனாவில் வரைந்த கோப்பை. அதிலிருந்து எழும் ரோடு. மூன்று வளைவுகள். இரண்டாவது வளைவில் மை நின்றுபோய், பேனாமுனை வெறுமனே காகிதத்தைக் கீறியிருந்தது. அந்த வெற்றுக் கீறல் இருந்த இடம்தான் அவளுடைய மஞ்சு கடந்து போகிற இடம். மேடையில் அவள் கையை விரித்து விளக்கியது, மக்கர் செய்த ஒரு பேனாவை.

தாளின் மூலையில் தமிழில் எழுதியிருந்தது: பினு.

“சேச்சியுடெ தமிழ்க் கையெழுத்தா?” என்று சுமி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த மாடியில் ஜானவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தமிழில் எழுதியிருந்தால் அது ஜானவி எழுதியதாகத்தான் இருக்கும் என்று அந்தப் பெண் நினைத்ததில் தப்பே இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

ஜானவி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மெல்ல ஞாபகம் வந்தது. ஏதோ தங்கும் விடுதிக்காக பினு இதை மீட்டிங்கில் காட்டினான். ரோடா புகையா, ஒண்ணும் புரியலையே என்று சொல்லித் தள்ளியதும் அவளேதான். அப்புறம் மாதக்கணக்கில் இதன் எதிரே நின்று டீ குடித்திருக்கிறாள். எப்போது உள்ளே போயிற்று? எப்படிக் கைக்கு வந்தது? யோசித்து யோசித்துப் பார்த்தாள். எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

“என் கையெழுத்து இல்லே,” என்றாள்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் இரண்டையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். பெயரைப் படித்துக் காட்டினாள். தான் வரைந்தது பினுவுடையது என்றாள். ஹரிகுமார் கத்துவார், பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார், தன்னை எழுந்து போகச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

“சாரமில்லா ஜானவி,” என்றார் ஹரிகுமார், குழந்தையைத் தேற்றுகிற குரலில். பரவாயில்லை, கண் பார்த்ததை மனசு பத்திரப்படுத்திக்கொள்ளும், கலைஞர்களுக்கு இது நடக்கிறதுதான் என்று மலையாளத்தில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். தேயிலை பாக்கெட் ஊரெல்லாம் போய்விட்டது, இனி எதற்குக் கிளறுவது என்று சொல்லிவிட்டு ஹரிகுமார் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார்.

ஜானவி திகைத்துப்போனாள். திட்டு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பினு சத்தியம் செய்தும் கிடைக்காத மன்னிப்பை இவளுக்குக் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டார்களே!

“அப்போ பினு சொன்னதும் இதுதானே சார்?”

“அது வேற கேஸ்,” என்றார் ஹரிகுமார்.

அவள் வெளியே படிக்கட்டில் வந்து நின்று பினுவுக்குப் போன் செய்தாள். நம்பர் மாறியிருக்கவில்லை. அவன் குரலில் கோபம் இல்லாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பாறசாலையில் ஒரு ஃபிளெக்ஸ் பிரஸ்ஸில் இருப்பதாகச் சொன்னான். யார் எதைக் கொண்டுவந்தாலும் அடித்துக் கொடுக்கிற வேலை. அவள் திக்கித் திணறி லோகோவைப் பற்றிச் சொல்லி முடித்தாள்.

“தெரியும் அக்கா,” என்றான் பினு. “அந்தத் தேயிலைக் கம்பெனி இங்க கட தொறந்தப்ப போர்டு எங்க பிரஸ்ஸிலயாக்கும் அடிச்சது. ஃபைல தொறந்ததும் எனக்க படம். நான்தான் அடிச்சு, நான்தான் ஏணி வச்சு மாட்டிக் குடுத்தேன்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே? ஒரு போன் பண்ணிச் சொல்லப்படாதா?”

“ஆருகிட்ட அக்கா சொல்லச் சொல்லுதியோ? காப்பியடிச்சான்னு வெளிய போனவன், எனக்க படத்த வேற ஆளு காப்பியடிச்சிற்றாவன்னு சொன்னா ஆரு நம்புவா? நிங்க நம்பியிருப்பியளா?”

ஜானவி நம்பியிருக்க மாட்டாள். எங்கே பார்த்து வரைஞ்சே என்று அவனைத்தான் கேட்டிருப்பாள்.